நடக்கும்போது பேச முடிய வேண்டும்

நான் இருக்கும் ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூரில், சனிக்கிழமை காலை கோல்ஃப் மைதானத்துக்கு வெளியே கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் புதியவருக்குச் சிரிப்பு வரும். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் கோல்ஃப் மட்டையைத் தோளுக்குக் குறுக்கே வைத்து இடுப்பைத் திருகுவார்கள். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார்கள். ஆட்டம் தொடங்கியதும் இன்னொரு விநோதம். இவர்கள் பசித்துச் சாப்பிடுவதில்லை, குழியை எண்ணிச் சாப்பிடுகிறார்கள். மொத்தம் பதினெட்டுக் குழிகள், நான்கு மணி நேர நடை. ஆறாவது குழியில் பாதி வாழைப்பழம், பன்னிரண்டாவதில் ஒரு கைப்பிடி பாதாம், மூன்று குழிக்கு ஒருமுறை தண்ணீர். தாகம் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. இவர்களில் யாரும் கோப்பைக்காக ஆடுகிறவர்கள் அல்ல. மாலையில் சொந்தக் காலில் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டு ஆலன், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. அவள் இறந்த பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து கூப்பிட்டார். நான் போனது விளையாட்டு ஆசையால் அல்ல, பயத்தால். அந்த வருடம்தான் சர்க்கரை என்று சொல்லி எனக்கு மாத்திரை எழுதியிருந்தார்கள். எங்கள் அத்தா, என் தகப்பனார், திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர். ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு காலை நேரம், நெஞ்சைக் கரிக்கிறது, வாயுதான் என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் குடித்தார். உப்புப் போட்டு அடுக்கியிருந்த ஆட்டுத்தோல்களின் மேல் சாய்ந்து உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது, அண்ணன் காதருக்கு இருபத்திரண்டு. மண்டி அண்ணன் தலையில் விழுந்தது. நான் படித்து வெளியேறினேன். ஐம்பத்து நான்கு என்ற எண் மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

அந்த வயதுக்கு ஒரு வருடம் இருக்கையில்தான் மைதானத்தில் விழுந்தேன். வயிறு காலியாக இருந்தால் உடம்பு லேசாகத் திரும்பும் என்று யாரோ சொன்னதை நம்பி, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் டீயோடு போயிருந்தேன். ஐந்தாவது குழிக்குள்ளேயே அந்தக் குளிர்காற்றிலும் முதுகு வேர்த்தது. விரல்கள் நடுங்கி மட்டை நழுவியது. ஆலன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஹேவ் யூ ஈட்டன்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் எதிரே வருகிறவர்களெல்லாம் சாப்டாச்சா என்று கேட்பதுதானே. சாப்பிடாவிட்டாலும் ஆச்சு என்பதுதான் மரியாதை. மூளை மங்கிய அந்த நேரத்தில் என் வாய் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது. "யெஸ், ஆச்சு, ஆச்சு" என்றேன். அவர் அதை நம்பி, சர்க்கரை இறங்கவில்லை, இதயம்தான் என்று முடிவு கட்டினார். வாழைப்பழத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் புல்லில் கிடத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸில் வந்த பெண் விரலில் குத்திப் பார்த்து, இனிப்புக் கூழை என் வாயில் பிதுக்கிய பிறகே வானம் நீலமாகத் தெரிந்தது. தான் கேட்டது உபசாரம் அல்ல, பதில் தேவைப்பட்ட கேள்வி என்று ஆலன் மறுநாள் என்னைக் கடிந்துகொண்டார்.

அதிலிருந்து எனக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சி, அவித்த முட்டை. ஆலன் இன்னொன்றும் பழக்கினார். நடக்கும்போது பேச முடிய வேண்டும். கூட வருகிறவர் பேச்சை நிறுத்தினால் நீயும் நின்று பார்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எனக்கு ஐம்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. மதினியின் ஊரான சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணம், அங்கேயே தங்கியிருந்தோம். நான் ஓட்ஸ் டப்பாவை எடுத்து வைத்ததைப் பார்த்து, அம்புட்டுத் தூரத்திலிருந்து வந்து நோயாளிச் சாப்பாடு சாப்பிடுகிறீர்களே தம்பி என்று மதினி வருத்தப்பட்டார். பந்தை உருட்டிக் குழியில் போடுவதற்கு எதற்கடா உடம்பு என்று அண்ணன் கேலி செய்தார். ஆனாலும் மறுநாள் காலை என்னோடு நடக்க வந்தார். ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற சாலை. கல்யாணப் பிரியாணியில் என்ன குறை என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு வளைவில் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டார். குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அது ரப்பர் செருப்பு, சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. கொஞ்சம் நடந்து, மின்கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தார். திரை இருட்டாக இருந்தது.

"அண்ணே, ஏதாவது பேசுங்க" என்றேன்.

"என்னத்தப் பேச..." மூச்சு வாங்கினார். "தாடை வலிக்குதுடா. வாயுதான். ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போகும்."

ஆட்டுத்தோலின் உப்பு நாற்றம் அந்தத் தோப்புக் காற்றில் அடித்தது போல இருந்தது. எதிரே வந்த லோடு ஆட்டோவை மறித்தேன். ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் அண்ணனை முன்னால் உட்காரவைத்தார். நான் பின்னால் தேங்காய்களுக்கு நடுவே நின்றபடி, ஓட்டுநர் அறைச் சன்னல் வழியாகக் கையை நுழைத்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டேன். செம்பட்டி வரை, ஸ்காட்லாந்து உன்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டது என்று முனகிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அவர் குரல் மாறியது.

"அத்தா வயசத் தாண்டி மூணு வருசம் ஆச்சுடா. இனி வராதுன்னு நெனச்சேன்."

அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். முப்பத்தைந்து வருடமாக நாங்கள் இருவரும் அதே எண்ணை எண்ணியிருக்கிறோம், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல்.

திண்டுக்கல்லில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். நான் விடுப்பை நீட்டித்து மூன்று வாரம் கூடவே இருந்தேன். இப்போது மண்டியில் மேசையைப் பிடித்துக்கொண்டு பத்து முறை உட்கார்ந்து எழுகிறார் என்று மதினி சொல்கிறார். பரோட்டாவை விட்டாரா என்பதைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறப்பதில்லை.

இந்த வாரம் கோல்ஃப் கிளப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மைதானத்தில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும்? நான் யோசிக்காமல் அண்ணனின் எண்ணை எழுதினேன். வாங்கிப் பார்த்த பெண், இவர் இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். இரண்டு விமானம், ஒரு பஸ் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

அண்ணனும் சிரிப்பார் என்று நினைத்து அதைப் போனில் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். மதுரை ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்து, வெளியே போகும்போது சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்றார்களாம். யாருக்குத் தகவல் சொல்வது என்று கேட்ட இடத்தில் மதினியின் எண்ணைக் கொடுக்க மனம் வரவில்லையாம், பயந்துவிடுவாள் என்று.

"ஒன் நம்பரத்தாண்டா குடுத்திருக்கேன்" என்றார்.

மைதானத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. நான் அணைப்பதில்லை. ஆலன் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார். எங்கள் ஆட்டம் முடிகிற நேரத்தில் ஊரில் வெயில் தாழ்ந்திருக்கும். அண்ணன் மண்டியைப் பூட்டிவிட்டு, என் எண்ணைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கக் கிளம்பியிருப்பார். இங்கே ஈரப் புல்லில் நான் கடைசிக் குழியை நோக்கி நடந்துகொண்டிருப்பேன்.