கோணல் எழுத்துகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் படக்காரி. ஒரு கண் மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனிக்கும் சின்ன நிறுவனத்தில் ஜாவாவில் நிரல் எழுதுபவள். மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்யும் பக்கம் அவள் கட்டியது. அது வந்ததும் போனில் பதிவு செய்வதை மருத்துவமனை நிறுத்திவிட்டது. ஆனால் தரகர்கள் ஏதோ ஒரு நிரலை ஓடவிட்டு, மருத்துவரைப் பார்க்கும் நேரங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் நோயாளிகளிடம் விற்றார்கள். பதிவு செய்வது மனிதர்தானா என்று சோதிக்க ஒரு படம் வைக்கச் சொன்னார் மேலாளர்; அதிலுள்ள எழுத்துகளைப் படித்துத் தட்டினால்தான் பதிவாகும்.

அந்தப் படம் எங்கேயும் கோப்பாகக் கிடையாது. பக்கம் திறக்கும்போதெல்லாம் அவள் நிரல் சர்வரின் நினைவகத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரிக்கும். சில எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் சாய்த்து, மேலே கோடு கிறுக்கி, அப்படியே பதிவு செய்பவரின் உலாவிக்கு அனுப்பிவிடும். முதலில் ‘வேறு படம்’ பொத்தானை அமுக்கினாலும் பழைய படமே வந்து நின்றது. உலாவி தான் சேமித்து வைத்ததையே காட்டிக்கொண்டிருந்தது. சேமிக்காதே என்று சர்வர் அனுப்பும் பதிலில் ஒரு வரி சேர்த்து, படத்தின் முகவரி வாலில் தடவைக்கு ஒரு புது எண்ணை ஒட்டியதும் சரியானது. அன்று எல்லாருக்கும் டீ அவள் செலவு.

கொஞ்ச நாளிலேயே தரகர்களின் நிரல் அந்த எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

“இன்னும் கோணலாக்கும்மா,” என்றார் மேலாளர். ஆக்கினாள். கோடுகள் தடித்தன, எழுத்தின் நிறம் பின்னணியோடு ஏறக்குறையக் கலந்தது.

அவள் அண்ணன் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்ததும் வண்டியை விட்டுவிட்டு, வேறு ஊரில் தனியாக இருந்தார். இருக்கிற பார்வையும் போகாமலிருக்க, அதே மருத்துவமனையில்தான் அவ்வப்போது கண்ணுக்கு ஊசி. ஒரு மதியம் போன் செய்தார்.

“பாப்பா, ஊசிக்குப் பதிவு பண்ற இடத்துல ஒரு படம் வருதே, சரியாத் தெரியல.”

அவள் மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். “பக்கத்துல பொத்தான் இருக்குண்ணே. அமுக்கினா வேற படம் வரும்.”

“சரி சரி. நீ வேலையப் பாரு.”

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சில மாதம் கழித்து விடுமுறையில் அவள் அவர் வீட்டுக்குப் போனபோது, டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். துணியை எடுத்துத் துடைத்தபடி கேட்டாள், “ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சுண்ணே?”

“எங்க போட்டேன். நீ சொன்ன மாதிரி அமுக்கிப் பாத்தேன். வேற வேறயா வந்துச்சு, ஒண்ணும் புரியல.”

“மறுபடி என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?”

“நீ மனுசனான்னுதான கேக்குது. அதுக்குப் பதில் சொல்லக்கூட தங்கச்சியக் கூப்பிடணுமான்னு இருந்துச்சு.”

“அந்தப் படத்த வரைய வச்சது நான்தான்ணே.”

அவர் டம்ளரைத் தடவி எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, “நல்லாத்தான் செஞ்சிருக்க. எவனும் படிக்க முடியாது,” என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். இடது கண்ணில் இனி செய்ய ஒன்றுமில்லை என்றார் மருத்துவர்; வலதை ஓரளவு காப்பாற்றலாம்.

எழுத்துகளைக் குரலில் சொல்லும் வசதி வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டாள். “அப்புறம் பாக்கலாம்,” என்றார். அவள் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தன் குரலிலேயே பதிந்து தளத்தில் ஏற்றினாள். திட்டு விழுந்தது, வசதி நிலைத்தது.

அண்ணன் இப்போது அவள் வீட்டில். காலையில் அவர் சட்டையில் பொத்தான் மாறியிருந்தால், கிளம்புமுன் சரிசெய்துவிட்டுப் போகிறாள். அது முடியும்வரை அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.