வெள்ளிச் சங்கில் ரசம்

கோவில்பட்டிக் கல்யாணப் பந்தியொன்றில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய உடம்புக்குத் தைத்த சட்டை. உள்ளே இன்னொரு ஆள் தாராளமாக நுழையலாம். பரிமாற வந்தவர்களையெல்லாம் கைகாட்டி அனுப்பிவிட்டார்.

பெண்ணின் அப்பா பதறிக்கொண்டு வந்தார். "என்ன அண்ணாச்சி, இலை வெறுமன கெடக்கு? எங்க மேல வருத்தமா?"

"வருத்தமெல்லாம் இல்ல. வயித்தை ஆப்பரேசன் பண்ணிச் சுருக்கிட்டாவ. இதுல ஊத்துங்க."

சட்டைப் பையிலிருந்து, கைப்பிள்ளைக்கு மருந்து புகட்டும் வெள்ளிச் சங்கை எடுத்து நீட்டினார். பெண்ணின் அப்பாவே ரசம் ஊற்றினார். பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் கண்ணை மூடிச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினார்.

எனக்கும் மதுரை டாக்டர் அதே ஆப்பரேசனைத்தான் சொல்லியிருந்தார். கத்தியைவிட, பந்தியில் வெறும் இலையோடு உட்காரப் பயந்தே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப வலிக்குமா அண்ணாச்சி?"

"கொஞ்ச நாள் வலிக்கும். ஆனா முன்னயெல்லாம் பந்தியில இலையை மட்டுந்தான் பாப்பேன். இப்பதான் மாப்பிள்ளை மொகத்தையே பாக்குதேன்."

அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. மறு வாரமே மதுரைக்குப் போனேன்.

உடம்பு தேறிய பிறகு கழுகுமலையில் ஒரு கல்யாணம். நானும் ஒரு வெள்ளிச் சங்கை எடுத்ததும் பரிமாறியவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏலே, இங்கன ஒரு பெரிய பிள்ளை உக்காந்திருக்கு. ரசம் கொண்டா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கோவில்பட்டி அண்ணாச்சி சொன்னது நினைவு வர, எதிர்ப்பந்தியில் இருந்த மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தேன்.

மாப்பிள்ளை இலையை மட்டுந்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.