நாலு வாசல் கேட்ட வீடு

கல்லறை கட்டுகிறவருக்கு ஒரு நிம்மதி உண்டு, குடிவந்த பிறகு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அரசாங்கத் தொகுப்பு வீடுகளுக்குப் படம் வரைகிற எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தலையில் அடித்துக்கொள்ள ஒரு கையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேன் தண்ணீர்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு காலனி. பட்டாசுக் கம்பெனிகள் கழிவு வெடிமருந்தைக் குழியில் கொட்டிக் கொளுத்திக் கொளுத்தி, கிணற்றுத் தண்ணீர் கசந்துவிட்டது. புகை வேறு. அந்தச் சனங்களுக்குத் தள்ளி ஒரு நல்ல இடத்தில் வீடு கட்டப் போகிறோம். சுற்றிலும் மரம், நடுவே மழைநீர்க் குளம், வீட்டுக்கு வீடு நிழல் விழும் முன்வராந்தா என்று ஆசை ஆசையாகத் திட்டம் போட்டிருந்தேன்.

முதல் நாள் மாரியம்மாள் வீட்டில் உட்கார்ந்தேன். பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிறவர். தகரக் கூரை அனலாய்க் கொதித்தது. எனக்குக் கேன் தண்ணீர் கொடுத்துவிட்டு, மூலையில் இளைத்துக்கொண்டிருந்த மகள் பேச்சிக்குக் கிணற்றுத் தண்ணீரை மோந்து கொடுத்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டேன்.

“எப்படியும் கட்டுங்க சார். எம்புள்ள மூச்சு விடணும், அம்புட்டுத்தான்.”

எத்தனை வாசல்?

வரைபடத்தை விரித்து இது அடுப்படி, இது வராந்தா என்று விளக்கினேன். பெண்கள் யாரும் அடுப்படியைப் பார்க்கவில்லை. “ஒரே ஒரு வாசல்தானா?” என்றார் மாரியம்மாள். கம்பெனியின் மருந்து அறைகளில் நாலு பக்கமும் வாசல் இருக்கும். பொறி பட்டால் கிடைத்த பக்கம் ஓட வேண்டும். இவருக்கும் நாலு வேண்டுமாம். நாலு வாசல் வைத்தால் கட்டில் போடச் சுவர் எங்கே இருக்கும்?

பேரம் பேசி, எதிரெதிரே இரண்டு வாசலில் முடித்தேன். காற்றோட்டத்துக்கும் ஆச்சு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். “வீட்டுக்குள்ள என்ன மருந்தா வைக்கப் போறீங்க?” என்று சிரிக்க வேறு செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

“மருந்து இல்லாட்டியும் காலு வாசலத் தேடும் சார்.”

குளத்தில் யார்?

எங்கள் பொறியாளர் தங்கமான மனிதர், வெற்றிடத்தைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கை அரிக்கும். குளத்தை மூடிவிட்டால் இன்னும் நாலு வீடு கட்டலாம் என்றார். குளம் இருந்தால்தான் காற்று குளிரும், மரம் பிழைக்கும், நிலத்தடித் தண்ணீர் ஊறும் என்று தொண்டை வறளப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எல்லாம் சரி சார், அதுல யாரு குடியிருப்பா?”

சருகு

குளம் எப்படியோ தப்பியது. வேம்பும் புங்கையும் நட்டு, ஈரம் காயாமல் இருக்கத் தூரில் சருகைப் பரப்பிவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனால் தரை வழித்துத் துடைத்த மாதிரி கிடக்கிறது. கன்றுகள் வாடித் தொங்குகின்றன. எந்தப் புண்ணியவான் வேலை என்று கத்தினேன். விளக்குமாறோடு மாரியம்மாள் வந்தார். வீடு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்க்க வந்த இடத்தில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பெருக்கியிருக்கிறார்கள். கம்பெனியில் காலையில் முதல் வேலை அதுதானாம்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சருகுக்குப் பதில் சரளைக் கல் பரப்பிக்கொள்ளலாம் என்றேன். அப்போதும் அவர் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை.

“சருகக் கண்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது சார், தீ அது வழியாத்தான வரும்.”

குடி வந்த பிறகு

மரங்கள் பிழைத்துக்கொண்டன. குடி வந்த புதிதில் மாரியம்மாள் போன் செய்து, பேச்சி இப்போது இளைக்காமல் தூங்குகிறாள் என்றார். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த ஒரே பாயசம்.

இரண்டு மூன்று தீபாவளி சீசன் கழித்து, மரநிழல் வராந்தாவில் விழும் அழகைப் படம் எடுக்கப் போனேன். இடையில் ஒரு விபத்து நடந்து அவர்கள் கம்பெனிக்குச் சீல் வைத்திருந்தார்கள். வராந்தாவில் ஈரச் சாக்கு விரித்து மாரியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் காகிதக் குழாய்கள். முழங்கை வரை வெள்ளி நிற மருந்துப் பொடி. இரண்டு வாசலும் அகலத் திறந்து கிடந்தன. உள்ளே பேச்சி இருமினாள், பழைய இருமல்தான்.

“புள்ள இருக்கிற வீட்டிலயா?” என்றேன். மாரியம்மாள் கையை நிறுத்தாமல், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

“கம்பெனியப் பூட்டிட்டாக, கஞ்சி குடிக்கணும்ல சார். பழைய தகரக் கொட்டாயில மருந்து சூடேறும்னு தொடவே பயம். இங்கன நெழலு, கொளத்துக் காத்து, மருந்துக்குச் சூடே இல்ல. நல்ல வீடாக் கட்டிக் குடுத்திருக்கீக.”

என் தொழிலில் குடிவந்தவர் வாயால் நான் கேட்ட ஒரே பாராட்டு இதுதான். நாலு வாசல் கேட்டவருக்கு இரண்டுதான் கொடுத்தோம் என்பதால் அதைக்கூட நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.