வின்சென்ட் மாஸ்டர் மறுத்த மொழி

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் பாடசாலைக் காவலாளி வந்து சொன்னார், மரவேலை படிப்பித்த வின்சென்ட் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போனவரைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் பொய்யாக அஞ்சலி எழுத எனக்கு வராது.

எழுபதுகளின் கடைசியில் நான் கல்முனைக்குத் தமிழ் ஆசிரியராக வந்தேன். மாஸ்டர் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். மனைவி ஸ்டெல்லாவோடு அவர் சண்டை பிடிப்பதும் செபிப்பதும் ஒரு தனி மொழியில். அது என்ன மொழி என்று கேட்டேன். சீவுளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"சொல்லெல்லாம் கப்பலில வந்த ஆக்கள்ட. அத அடுக்கிற விதம் உங்கட தமிழ். தகப்பனுக்கு ஒரு பாஷை, தாய்க்கு ஒரு பாஷை. நடுவில பிறந்த பிள்ளையள் ரெண்டையும் சேத்துப் புதுசா ஒண்டு செஞ்சிட்டுதுகள். உடைஞ்ச பாஷை எண்டு சொல்றவன் சொல்லட்டும். ரெண்டு மரத்தில செஞ்சா மேசை மேசையில்லையா சேர்?"

அந்தப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன். பாடசாலை விட்டதும் அவர் பட்டறையில் போய் இருந்து, அவர் சொல்லும் சொற்களைத் தமிழ்க் கருத்தோடு எழுதுவேன். நோன்பு காலத்தில் என் முன்னால் அவர் தேநீர்கூடக் குடிக்கமாட்டார். மூன்று கொப்பிகள் நிரம்பின, பேசவும் பழகிக்கொண்டேன். நான் பிழைவிட்டால் ஸ்டெல்லா சிரிப்பார். மகள் மேரியோடு மட்டும் இருவரும் தமிழும் ஆங்கிலமும்தான் பேசுவார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நான் எழுதிப்போட்டதன் பேரில் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். அதிபரும் ஆசிரியர்களும் கூடியிருந்தார்கள். மாஸ்டர் அன்றைக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். முதல் கேள்விக்கே, "எங்கட வீட்டில அப்பிடியொரு பாஷையில்ல. நாங்க ஒல்லாந்தர் வம்சம். சேர் என்னத்தையோ எழுதி வச்சிருக்கார்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிபர் சிரித்தார். பொய்க்காரன் என்ற பெயரோடு நான் கொப்பியும் கையுமாக நின்றேன்.

ஒரு கிழமை கழித்து வீட்டுக்கு வந்து காரணத்தைச் சொன்னார். மேரிக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்ததாம். பறங்கியருக்குள் ஒல்லாந்தர் வழிக்குத்தான் மதிப்பு என்பதால், தங்களை ஒல்லாந்தர் வழி, வீட்டில் ஆங்கிலம் என்று சொல்லி வைத்திருந்தார்களாம். அட மனிசா, முதலிலேயே சொல்லியிருந்தால் நானே கொப்பியை மூடி வைத்திருப்பேனே! அந்தச் சம்பந்தமும் கடைசியில் சரிவரவில்லை. நான் அவரோடு பேச்சை விட்டுவிட்டேன்.

போன மாதம் மேரி ஆளனுப்பியிருந்தாள், போனேன். ஸ்டெல்லா இறந்து இரண்டு வருடமாகிறது. பாரிசவாதம் வந்த மாஸ்டருக்குத் தமிழும் ஆங்கிலமும் போய், அந்த மொழி மட்டும் மிச்சமிருந்தது.

"சேர், அப்பா ஒண்டையே திருப்பித் திருப்பிக் கேக்கிறார். எனக்கு ஒண்டும் விளங்குதில்ல" என்றாள் மேரி.

எனக்கு விளங்கியது. 'இந்தப் பிள்ளை ஏன் என்னோட கதைக்கிறாளில்ல?' என்றுதான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி கேக்கிறார் பிள்ள" என்றேன்.

அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்து பருக்கினாள். குடித்துவிட்டு அவர் மறுபடியும் அதையே கேட்டார்.

மாஸ்டர், எனக்குச் செய்ததை நான் மன்னித்துவிட்டேன், நிம்மதியாகப் போய் வாருங்கள். அவளுக்குச் செய்ததை மன்னிக்க எனக்கு உரிமையில்லை. கொப்பி மூன்றையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். படித்துக்கொண்டு போனால் நீங்கள் கேட்டது என்னவென்று ஒருநாள் அவளுக்கு விளங்கும். நான் அவளுக்குச் சொன்ன பொய்யும் அன்றைக்குத்தான் தெரியவரும்.