உள்ளங்கைச் சர்க்கரை

சிலோனில் தேயிலை பறித்த எங்களை, சொந்த நாட்டுக்குப் போ என்று இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இங்கேயோ சிலோன்காரன் என்று வேலை தர மறுத்தார்கள். அதனால் அப்பா ஊரை மறைத்துத்தான் ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டில் சேர்ந்தார்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் எங்களை மோப்பம் பிடித்தபடியே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, சொந்த ஊரு எதுங்க?" மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"சேலம் பக்கந்தானுங்க" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து அம்மா, பழக்கதோஷத்தில், பாலில்லாத தேநீரையும் தனியாகச் சர்க்கரையையும் கொண்டுவந்து வைத்தாள். அது சிலோன் தோட்டத்து வழக்கம். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

ரைட்டர் சர்க்கரையை உள்ளங்கையில் கொட்டி, நக்கி நக்கித் தேநீரை உறிஞ்சினார். அப்படியே எங்களைப் போல.

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு எந்த ஊருங்க?"

ரைட்டர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சேலம் பக்கந்தானுங்க."