சீட்டு அக்காவின் 412

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியின் வாசல் மேசையில் பதினோரு வருடமாக இருப்பவர் சீட்டு அக்கா. புதிதாக வரும் ஒவ்வொரு பிராணிக்கும் எண் போட்டு ஒரு அட்டைச் சீட்டு எழுதி, தன் பெட்டியில் வைத்துக்கொள்வார். செத்துப்போனதன் எண்ணை இன்னொன்றுக்குத் தரமாட்டார். கேட்டால், "அது அதோட நம்பர்" என்பார். மருத்துவரைப் பார்த்து உறுமும் நாய்கூட அவர் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சீட்டுகளைக் கணினிக்கு மாற்ற என்னை வைத்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

ஒரு பதிவை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு பிரைமரி கீ என்று பெயர். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், நிரல் எழுத அடித்தளமாக எடுத்துக்கொள்ளும் ஆயத்த மென்பொருளான ஃபிரேம்வொர்க்கே 1, 2, 3 என்று போட்டுக்கொள்ளும். எனக்கு அது போதவில்லை. படித்ததைக் காட்ட வேண்டாமா? வளர்ப்பவரின் போன் நம்பரை பிரைமரி கீ ஆக்கினேன்.

"அப்ப என் நம்பரு?"

"இனிமே வேணாம்க்கா."

"இன்ஜினியரம்மா சொன்னா சரிதான்." சீட்டுப் பெட்டியை மட்டும் காலடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஓட்டுநர் ஒருவர் தன் கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலில் சீழ்.

"ஒவ்வாமை ஏதாவது இருக்கா?" மருத்துவர் ஊசியில் மருந்தை ஏற்றியபடி கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் அக்கா. "வயசு ஆறு மாசமா? பல்லு போன இந்தக் கிழவனுக்கா? டாக்டர், குத்தாதீங்க!"

பெட்டியிலிருந்து 412ஆம் சீட்டை உருவினார். சிவப்பு மையில் எழுதியிருந்தது: பெனிசிலின் ஆகாது.

"போன வாரம் எங்க வீட்டுக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டோமே, அதுக்கும் என் போன் நம்பர்தானே குடுத்தேன்" என்றார் ஓட்டுநர்.

அதே பிரைமரி கீ திரும்ப வந்ததும் ஃபிரேம்வொர்க் புதுப் பதிவு போடவில்லை. பழையதன் மேலேயே எழுதிவிட்டது. பிழை என்று ஒரு வரிகூடக் காட்டவில்லை.

மருத்துவர் மருந்தை மாற்றினார்.

"வாயில்லா ஜீவன், 'அது நான் இல்ல'ன்னு சொல்லுமா? உன் மெஷினும்ல வாய மூடிட்டு இருந்திருக்கு!" என்றார் அக்கா. திட்டுகிறாரா, தேற்றுகிறாரா என்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

முதலிலேயே அவரிடம் ஏன் கேட்கவில்லை? கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் என்ற பயம்தான்.

மறுநாள் சீட்டு எண்ணையே பிரைமரி கீ ஆக்கினேன். இருக்கிற எண்ணில் புதிதாக ஒன்று வந்தால் ஏற்காதபடியும் செய்தேன். அக்கா ஒவ்வொரு சீட்டாக வாசிக்க, நான் தட்டினேன்.

"நானூத்திப் பன்னெண்டு. கிழவன். பெனிசிலின் ஆகாது. அத மட்டும் கொஞ்சம் பெருசா போடும்மா, டாக்டரு கண்ணாடி மாத்தி வருஷமாச்சு."