மூணு சொல்ல ஆளில்லை

சாம்பிள் அக்கா தினமும் காலையில் மைதானத்தில் தன் மோட்டார் சைக்கிளைக் கீழே தள்ளி உதைக்கிறாள் என்று சலூனில் பேச்சு. சலூன்காரர் ஒரு கன்னம் சவரம் முடித்துக் கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எல்லாம் வீட்டுக்காரர் மேல இருக்கிற கோபங்க. ஆளு கப்பல்ல இருக்காரு, கைக்கு எட்டல. வண்டி எட்டுது." பாதி சவரத்தில் உட்கார்ந்திருப்பவன் எதையும் மறுத்துப் பேச மாட்டான். அதனால் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது உண்மையாகிவிட்டது.

நேரில் போய்ப் பார்த்தால் பாதிதான் உண்மை. தள்ளுகிறாள், உதைக்கவில்லை. பழைய மெத்தை ஒன்றை விரித்து, தூங்கிவிட்ட குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வண்டியை அதன்மேல் மெல்லச் சாய்க்கிறாள். பிறகு அதை எழுப்பப் படாத பாடு படுகிறாள்.

கிளினிக்குகளில் எடுக்கிற ரத்த சாம்பிளை ஐஸ் பெட்டியில் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலை. வண்டி வீட்டுக்காரருடையது, எருமைக் கனம். அவர் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. சீட்டில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துதான் அவள் ஊரைச் சுற்றுகிறாள். சலூனில் இதை யாரும் பேசவில்லை.

போன மாதம் ஒரு கிளினிக் வாசலில் சைடு ஸ்டாண்டு மண்ணில் புதைந்து வண்டி சாய்ந்தது. பெட்டி அடியில் மாட்டி மூடி பிளந்துகொண்டது. தூக்க ஆள் கிடைக்க முக்கால் மணி நேரம். ஐஸ் தண்ணீராகி, ஏழு பேருக்கு மறுபடி ஊசி. ஏழு பேரும் ஏழு விதமாகத் திட்டினார்கள். கூடத்து மேலாளர் மட்டும் திட்டவில்லை, பயமே அதுதான்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டி வேணாம்மா. உள்ள உட்கார்ந்து லேபிள் ஒட்டுங்க. நிழலா இருக்கும்."

நிழலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவளுக்கு அந்தப் பள்ளம் வேண்டும். அதற்குத்தான் காலையில் மெத்தையும் இந்தப் பயிற்சியும்.

நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் வேலை; எழுந்திருக்க முடியாதவர்களை எழுப்பி உட்கார வைப்பது. ஒருநாள் மைதானத்துக்கு வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி, வண்டியக் கும்பிடுறீங்களா? குனியாதீங்க. திரும்பி முதுகக் காட்டுங்க. சீட்டுல இடுப்ப ஒட்டி உட்காருங்க. ஹேண்டில்ல ஒரு கை, பின்னாடி கம்பியில ஒரு கை. இப்ப காலால தள்ளிப் பின்னாடியே நடங்க. எங்க வார்டுல எவ்வளவோ பெரிய மனுஷங்களே எழுந்திருச்சிருக்காங்க, இது எழுந்திருக்காதா?"

எல்லாம் சொன்னபடி செய்தாள். "ஒண்ணு... ரெண்டு..." என்றாள். நின்றுவிட்டாள்.

"ஏன் நிக்கிறீங்க?"

"தெரியல. கால் வர மாட்டேங்குது."

மறுபடி ஒண்ணு, ரெண்டு. மறுபடி நின்றாள். நாலாவது தடவைதான் விஷயம் பிடிபட்டது. பதினோரு வருஷமாக வண்டி விழுந்தபோதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே தூக்கியிருக்கிறார்கள். ஒண்ணும் ரெண்டும் அவள் சொல்வாள். மூணு அவர் சொல்வார். அதைக் கேட்டால்தான் அவள் உடம்புக்குப் பலம் வரும். இப்போது மூணு நடுக்கடலில் இருக்கிறது.

"நீங்களே சொல்லிக்கிட்டா என்ன?"

சொல்லிப் பார்த்தாள். யாரோ வழிப்போக்கர் சொன்ன மாதிரி இருந்தது. கால் அசையவில்லை.

நாத்தனார் ஹேண்டிலில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டாள். அவளுக்கும் அண்ணன்தானே. "சரி, ரெண்டுலயே தூக்குங்க. மூண அண்ணனுக்கு எடுத்து வெச்சிருங்க."

பத்து நாள் கழித்து, அதே கிளினிக், அதே மண். பெட்டியை மாட்டி முடித்ததும் வண்டி சரிந்தது. "இருங்கம்மா, ஆளக் கூட்டிட்டு வரேன்!" என்று காவலாளி ஓடினார். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு. ரெண்டு."

வழக்கமான அந்த இடைவெளி வந்தது. அதில், மூணு சொல்ல வீட்டுக்காரர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. கேட்டுக்கொண்டே ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னோர் அடி. எருமை எழுந்து நின்றது. காவலாளி இரண்டு பேரோடு திரும்பியபோது அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். ஐஸ் ஐஸாகவே போய்ச் சேர்ந்தது. மேலாளர் லேபிளைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கப்பலிலிருந்து போனில் வந்தார். தனியாகத் தூக்கியதைச் சொன்னாள்.

"அப்ப நான் வந்தா எனக்கு என்ன வேலை?" சிரித்தார்தான்; ஆனால் நிஜமாகவே கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா?

"உங்க மூணு பாக்கி இருக்குங்க."

"இப்பவே சொல்லிடட்டுமா?"

"போன்ல சொன்னா செல்லாது."

கப்பல் கரைக்கு வர இன்னும் ஐந்து மாதம். சாம்பிள் அக்கா பளு தூக்கும் போட்டிக்குப் போகிறாளாம் என்று சலூனில் இப்போது புதுப் பேச்சு. அவள் மறுக்கவில்லை. தூக்கத்தான் தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்குக் காலையில் மெத்தையை விரிக்கிறாய் என்று கேட்பவர்களும் உண்டு. வண்டியைச் சாய்க்கிறாள். ஒண்ணு, ரெண்டு சொல்கிறாள். அவருக்காகக் கொஞ்சம் நிற்கிறாள். பிறகு தூக்குகிறாள்.